பட்டியலில் பெயரில்லாத முதல் வரி

இன்றைக்கு அந்தக் கிளிப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. விரலில் மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஓடுகிறது என்று நம்பர் காட்டும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால் வீடே பதறிப்போகும். 1993-இல் தாம்பரத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வருஷம் கன்னியம்மா ஒரு மாதம் முழுக்கத் தினமும் அதைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். எண்பத்தாறு என்று காட்டியது. சில நாள் எண்பத்தைந்து. பார்த்துவிட்டு, கழற்றி, நாய்க்கு மாட்டினாள். பக்கத்தில் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கன்னியம்மா கீழ்க்கட்டளையில் பிறந்தவள். ஊரில் அவளுக்குக் குந்துமணி என்று பெயர். பார்க்க அழகாக இருக்கிறாள் என்று வைத்த பெயர் இல்லை. பத்தடி நடந்தால் குந்திவிடுவாள், அதனால் வைத்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் குந்துவாள், அடிபம்பிலிருந்து குடத்தோடு வரும்போது குந்துவாள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி இருப்பாள். பிறகு எழுந்து நடப்பாள். அப்படிக் குந்தினால் நெஞ்சுக்குள் அடைப்பது விட்டுப்போகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நாலு வயதில் தானாகக் கண்டுபிடித்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத்து மறந்துபோனாலும் நம்பர் மறக்கவில்லை, பஸ் நம்பர் தெரியாமல் எங்கேயும் போக முடியாது அல்லவா? பத்தொன்பது வயதில் மேடவாக்கம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். எட்டே மாதத்தில் மாமியார்க்காரி திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டாள். "ஒரு கொடம் தண்ணி தூக்க மாட்டேங்குது. மகாராணியை எங்க தலைல கட்டிட்டீங்களே" என்றாளாம். அண்ணன் அப்பாதுரை கொத்தனார். தங்கச்சியைத் தன்னோடு சித்தாள் வேலைக்குக் கூட்டிப்போனான். நாலாவது சட்டி கலவையோடு அவள் சாரத்தின் அடியில் குந்திவிட, மேஸ்திரி கத்த, அப்பாதுரைக்கு மானம் போய்விட்டது. "தின்னுட்டுத் தின்னுட்டு உடம்பு வளர்த்துக்கினு கீற, சோம்பேறி" என்று அத்தனை பேர் முன்னால் திட்டினான். அன்றையிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது. அண்ணி தனம் கெட்டவள் இல்லை. லாரித் தண்ணீர் வருகிற நாளில் மட்டும், பன்னிரண்டு குடத்தையும் தானே தூக்கிய ஆத்திரத்தில், அவள் வாயிலும் அது வந்துவிடும்.

கன்னியம்மாவும் அதை நம்பினாள். அதுதான் கொடுமை. எல்லாருக்கும் இப்படித்தான் மூச்சு இரைக்கிறது, மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், தனக்கு மட்டும் அந்த வீம்பு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

1987-இல் கிழக்குத் தாம்பரத்தில் டாக்டர் ஜெயசீலியின் நாய் ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. ஜெயசீலி கால்நடை டாக்டர். நாற்பதைத் தொட்டவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு ஊசிப்பெட்டியைத் திறக்கிறவர். கன்னியம்மா துடைப்பதை நடுவில் விட்டுவிட்டுக் குந்துவதை முதல் வாரமே பார்த்துவிட்டார். சத்தம் போட வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் மூலையில் யாரையும் அண்டவிடாமல் உறுமிக்கொண்டிருந்த ஒரு அல்சேஷன், மெதுவாக வந்து கன்னியம்மாவின் முழங்காலில் தாடையை வைத்துவிட்டது.

மற்றவர்கள் நாயின் தலைக்கு மேலே நின்றுகொண்டு அதட்டுவார்கள். கன்னியம்மா அதன் உயரத்திலேயே இருந்தாள். அவசரப்படமாட்டாள், சத்தம் போடமாட்டாள், போடுவதற்கு மூச்சும் இல்லை. ஆறு மாதத்தில் துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போயிற்று. நாயைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான் கன்னியம்மாவின் வேலை என்றாயிற்று. வாயைக் கட்டாமல் கடிநாய்க்கு ஊசி போடலாம் என்றால், அது தாம்பரத்தில் அவள் பிடித்தால்தான் நடக்கும். தன் வாழ்நாளில் முதன்முறையாகக் குந்தியதற்குச் சம்பளம் வாங்கினாள்.

டாக்டருக்கு ஓர் ஆசை இருந்தது. மலையில் வேலை பார்க்கும் டாக்டர்கள், மயக்க மருந்து கொடுக்கும்போது நாயின் ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று என்று பார்த்தால் பயந்துவிடுகிறார்கள். அது நாய்க்கு வந்த கோளாறா, இல்லை மலைக் காற்றே அப்படியா? உடம்பு நன்றாக இருக்கிற நாய்களைத் தாம்பரத்தில் ஒரு மாதம் அளந்து, அதே நாய்களை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் ஐயாயிரம் அடி உயரத்தில் அளந்தால் தெரிந்துவிடும். யாரும் செய்யவில்லை, தான் செய்து எழுதவேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்த தம்பி கிளிப்போடு அந்த மிஷினை அனுப்பியதும் ஆசை வேலையாக மாறிவிட்டது.

எட்டு நாய்கள் சேர்ந்தன. அதில் மூன்று ஸ்ரீநிவாசராகவன் என்பவருடையவை. அவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாய்களைத் தந்ததோடு நிற்காமல், நோட்டு எழுதும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் தன் ஸ்டேஷனைத் தாண்டிய ஒவ்வொரு ரயிலையும் எழுதியவர். நிற்கிற ரயிலையும் எழுதவேண்டும், நிற்காமல் போகிற ரயிலையும் எழுதவேண்டும் என்பது அவர் சட்டம். மிஷினில் தெரிகிற எந்த நம்பரும் அவர் நோட்டுக்குத் தப்பாது.

மிஷின் பீப் பீப் என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கு நாய்கள் மிரண்டன. கன்னியம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் தன் விரலில் மாட்டிக்கொண்டு, பீப் சத்தம் வரும்போதே கையை நாயின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். நாய் மோந்து பார்க்கும், இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளும். அப்புறம் அதன் கீழுதட்டில் ரோஜா நிறமாக இருக்கிற இடமாகத் தேடி மாட்டுவாள். கறுப்பு உதட்டில் நம்பர் சரியாக விழாது. டாக்டர் அந்த நேரத்தில் நாயின் பின்பக்கம் இருப்பார், தெர்மாமீட்டர் வைத்து, விலா ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு. அவர் நிமிர்ந்து மிஷினைப் பார்க்கும்போது தொண்ணூற்று ஏழு, தொண்ணூற்று எட்டு என்று நாயின் நம்பர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்ரீநிவாசராகவன் எதிரே உட்கார்ந்திருந்ததால் இரண்டு நம்பரையும் பார்த்தார். தினமும் முதலில் தெரிகிற எண்பத்தாறையும் எழுதினார். ஆனால் பெயர் எழுதுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. சீசர், ரோசி, மணி, டைகர் என்று போகிற பட்டியலின் தலையில் ஒரு பெண்பிள்ளையின் பெயரை எழுதுவதா? மரியாதைக்குறைவாக அவருக்குப் பட்டது. பெயரை விட்டுவிட்டு நம்பரை மட்டும் எழுதினார். நல்ல மனுஷர். அந்த நல்லதனம் அவளைக் கொல்லப் பார்த்தது.

கன்னியம்மாவுக்கும் அந்த நம்பர் உறுத்தவில்லை. ஒருநாள் ரோசியின் காதைச் சொறிந்தபடி அவரிடம் சொன்னாள்: "பாத்தியா சார், நாயிக்குத் தொண்ணூத்தேழு வர்து. மனுசனுக்கு எம்பத்தாறுதான். அதான் அது அந்த ஓட்டம் ஓடுது."

"இருக்கலாம். நான்கு கால் பிராணி இல்லையா" என்றார் அவர்.

தன் விரலை நீட்டி மாட்டிப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிஷ வேலை. அவர் நீட்டவில்லை. நாய்க்கு வாங்கிய மிஷின் என்பதால் அவருக்கு அது தோன்றவே இல்லை.

டாக்டர் ஜெயசீலியை என்ன சொல்வது? ஆறு வருஷமாக அந்தக் கையோடு கை சேர்த்து வேலை பார்த்தவர். கன்னியம்மாவின் விரல் நுனிகள் உருண்டு, நகம் வளைந்து, முரசு அடிக்கிற குச்சியின் முனை மாதிரி இருக்கும். உதடு நாவல்பழம் தின்றது போலிருக்கும். வெற்றிலை போடுகிறவள், அதனால் அப்படி என்று விட்டுவிட்டார். ஒரு நாயின் ஈறு அந்த நிறத்தில் இருந்திருந்தால் மேஜையிலிருந்து இறக்கியே இருக்கமாட்டார்.

ஜூலை மாதம் டிரைவரோடு ஒரு வாடகை வேனில் எட்டு நாய்களும் மூன்று பேரும் ஏற்காட்டுக்குப் போனார்கள். ஒரு பழைய பங்களாவின் அவுட்ஹவுஸில் தங்கல். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற கன்னியம்மாவுக்கு நெஞ்சை யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி பிழிந்தது. வேன் நாற்றம் என்று நினைத்துக்கொண்டாள். மேலே போய் இறங்கி, வேனுக்கும் அவுட்ஹவுஸுக்கும் நடுவில் மூன்று தடவை குந்தினாள். நாய்களும் கூடவே மூன்று தடவை நின்றன.

முதல் நாள் அளவெடுக்கையில் அவள் விரலில் எழுபத்தெட்டு என்று வந்தது. நாய்களுக்கும் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று என்று குறைந்திருந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம், அவர் எதிர்பார்த்தது அப்படியே வந்துவிட்டது. மலைக்கு வந்தால் எல்லாருக்கும்தான் குறைகிறது என்று கன்னியம்மாவும் சமாதானமானாள். இரண்டாம் நாள் எழுபத்தாறு. மூன்றாம் நாள் காலையில் எழுபத்து நான்கு. அன்று அவளால் பாத்ரூமுக்குப் போய்வர முடியவில்லை, பாதியில் சுவரோரம் குந்தி, கண் இருட்டி, மணி வந்து முகத்தை நக்கியதும்தான் எழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு தூரம் செலவு செய்து கூட்டிவந்த இடத்திலும் சோம்பேறி என்று பெயர் வாங்கவேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் ஸ்ரீநிவாசராகவன் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் முதன்முறையாக நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார். கன்னியம்மா வாசற்படிக்குக் கீழே குந்தியபடி பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் விரல் ஓரிடத்தில் நின்றது. பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்னால் வந்தார். முகம் மாறிவிட்டது.

"எட்டு நாய்தானே? ஒன்பது வரி இருக்கே. பேர் இல்லாத இந்த முதல் வரி எது?" யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்காமலேயே பேசிக்கொண்டு போனார். "தாம்பரத்துலயே எண்பத்தாறு. இன்னிக்கு எழுபத்து நாலு. கடவுளே, இது ஹெல்தி நாயே இல்ல. இதைப் போய் மலை ஏத்திட்டோமே. கன்னியம்மா, இந்த நாய் எங்க இருக்கு? கட்டிப்போட்டிருக்கியா? உடனே கீழ இறக்கணும், எந்த நிமிஷம் வேணா செத்துப்போயிடும்."

கன்னியம்மா ரொட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"அது நாயி இல்லமா. அது நாந்தான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். டாக்டர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்துத்தான் சிரித்தாள். "மொதல்ல நான் மாட்டிக்கினு காட்டுவேன்ல? சார் அத்தயும் எழுதிக்கீறாரு. மனுசனுக்கு அவ்ளோதானமா வரும்?"

ஜெயசீலி நோட்டைப் படியில் போட்டார். உள்ளே போய் மிஷினைக் கொண்டுவந்தார். தன் விரலில் மாட்டினார். தொண்ணூற்று நான்கு. ஸ்ரீநிவாசராகவனின் கையை அனுமதி கேட்காமலே இழுத்து மாட்டினார். அறுபத்திரண்டு வயசுக்காரர், தொண்ணூற்று மூன்று. பிறகு படியிறங்கி, கன்னியம்மாவுக்கு முன்னால் தானும் குந்தி, பால் ஒட்டியிருந்த விரலைத் துடைத்து அதில் மாட்டினார்.

எழுபத்து மூன்று.

கன்னியம்மா அந்த நம்பரைப் பார்த்தாள். டாக்டரின் விரலைப் பார்த்தாள். மிஷினை மறுபடி பார்த்தாள். ரோசிக்குத் தொண்ணூற்று மூன்று, சாருக்கும் தொண்ணூற்று மூன்று. நாய்க்கும் மனுஷனுக்கும் ஒரே நம்பர்தான். அந்த மலையில் அளந்த பதினோரு உயிரில் அவள் ஒருத்திதான் தனி.

"இன்னொரு தபா போடுமா" என்றாள். போட்டார். அதேதான் வந்தது.

ஸ்ரீநிவாசராகவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "நான் தினமும் எழுதினேனே" என்றார். "முப்பத்து மூணு நாள் என் கையால எழுதினேனே." அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நோட்டை எடுத்து, அந்த வெற்றிடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாய்களை ஏற்றிக்கொண்டு பத்து நிமிஷத்தில் வேன் கிளம்பியது. பாத்திரம், படுக்கை எல்லாம் அங்கேயே கிடந்தன. டாக்டர் கன்னியம்மாவின் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு வேன் தரையிலேயே உட்கார்ந்து வந்தார். வாயில் ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சேலத்தில் ஆக்சிஜன் வைத்து ஒருநாள் படுக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இதய டாக்டர் சாம்பசிவன் அவளுடைய விரல்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயசு முப்பத்து நாலா? நிஜமாவா?" என்று கேட்டார். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார்.

அப்பாதுரையைக் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள். சிமெண்ட் அப்பிய காலோடு நின்ற அவனுக்கு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாயும் குறுகல். அசுத்த ரத்தத்தில் பாதி, சுத்தமாகப் போகாமலே உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. இப்படிப் பிறக்கிற குழந்தைகள் பெரும்பாலும் இந்த வயதைப் பார்ப்பதே இல்லை.

"இவங்க எப்படித் தாக்குப்பிடிச்சாங்கன்னா, குந்திக் குந்தித்தான். குந்தும்போது நுரையீரலுக்கு ரத்தம் கொஞ்சம் கூடப் போகும். அது இல்லன்னா சின்ன வயசுலயே போயிருப்பாங்க."

அப்பாதுரை தாளைப் பார்த்தான். "அப்போ சோம்பேறித்தனம் இல்லியா சார்?" என்று கேட்டான்.

டாக்டர் சாம்பசிவன் பேனாவை மூடினார். "இந்த ரத்தத்தோட நீங்க ஒரு மாடி ஏறிப் பாருங்க" என்றார்.

ஆபரேஷன் செய்தால் பத்தில் இரண்டு பேர் பிழைக்காமல் போகலாம், செய்யாவிட்டால் அதிகபட்சம் ஓரிரு வருஷம் என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னபோது அப்பாதுரை பேனாவை வாங்காமல் தங்கச்சியைப் பார்த்தான். கன்னியம்மா படுக்கையிலிருந்தே, "குடு, நானே ரேகை வெக்கறேன். என் நெஞ்சுதான" என்றாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டு பேருடையதையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. வெளியே டாக்டர் ஜெயசீலி, ஸ்ரீநிவாசராகவன், அப்பாதுரை, தனம் நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தனம் மட்டும் ஒருதடவை, "லாரித் தண்ணி நாளைல நான் இன்னா இன்னா பேசிக்கீறேன்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கன்னியம்மாவின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். மார்பு முழுக்கக் கட்டு, அசைந்தால் உயிர் போகிற வலி. கண் திறந்ததும் தலைக்கு மேலே மிஷின் கத்துவது கேட்டது. பழகிய சத்தம். விரலில் கிளிப் இருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். தொண்ணூற்றேழு.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சிஸ்டர், அது என் நம்பர் இல்ல" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "வேற யாருதோ மாத்தி மாட்டிக்கீறீங்க."

நர்ஸ் கிளிப்பைத் தூக்கிக் காட்டினார். ஒயர் அவள் விரலிலிருந்துதான் போயிற்று.

அப்போதுதான் கன்னியம்மா தன் மூச்சைக் கவனித்தாள். உள்ளே போயிற்று. அடி வரைக்கும் போயிற்று. வழியில் எதுவும் தடுக்கவில்லை, எதுவும் பிழியவில்லை. வெளியே வந்தது, தானாக மறுபடி உள்ளே போயிற்று. அவள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. பயந்துபோய் மூச்சை ஒரு கணம் பிடித்துவைத்தாள். விட்டதும் மறுபடி அதே மாதிரி சுளுவாக ஓடியது. தலையெல்லாம் விறுவிறுவென்று, யாரோ ஒரு பெரிய ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

மத்தியானம் அப்பாதுரையைப் பச்சை அங்கி மாட்டி ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். "வலிக்குதா?" என்றான்.

அவன் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். நீ எப்பவும் இப்டிதான் மூச்சு வுடறியா?"

"எப்டி?"

"இப்டிதான். சொம்மா. தானா வந்துகினு கீதே, இத்த மாதிரி."

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"அண்ணி? மேஸ்திரி? அல்லாருமா?"

"அல்லாரும்தான் கன்னி."

கன்னியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரம் இறங்கியது. துடைக்கக் கை எட்டவில்லை.

"இம்மாம் காத்த உள்ள வெச்சுக்கினா," என்றாள், "என்னிய சோம்பேறின்னு சொன்னீங்க?"

அப்பாதுரை தரையைப் பார்த்தான். பச்சை அங்கிக்குள் அவன் நெஞ்சு ஏறி ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.